பொரோ மேட்ச் கேலரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து க்ளப்களின் ரசிகர் மன்றங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். பெங்காலியில் மீன்காரரிடம் பேரம் பேசுவேன், ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவேன், எழுதத்தான் வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்கள் பக்கம் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார், படித்துச் சொல்லட்டும். நான் எந்த க்ளப் என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்க மாட்டீர்கள்.

பகையை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பொரோ மேட்ச் என்றால் உங்கள் இரண்டு க்ளப்பும் மோதும் பெரிய ஆட்டம்; பகை இல்லாத ஒரு பொரோ மேட்சை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? மோகன் பகான் ஜெயித்த அன்றைக்கு மார்க்கெட்டில் இறாலுக்கும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த அன்றைக்கு இலிஷ் மீனுக்கும் விலை ஏறுகிறதே, அது ஏறிக்கொண்டே இருக்கட்டும். தோற்றவர் வீட்டு வாசலில் நின்று மீன் வாசனையைப் பற்றிப் பேசுவதும் இருக்கட்டும். 1975-இல் ஐ.எஃப்.ஏ. (வங்காளத்தின் கால்பந்துச் சங்கம்) நடத்திய ஷீல்டு கோப்பை ஃபைனலின் 5-0 இன்னும் ஈஸ்ட் பெங்கால் பேனர்களில் வருகிறது. 2009-இல் எடே சிடி தனியாளாக நாலு கோல் போட்டு 5-3 ஆக்கியதை மோகன் பகான்காரர்கள் பதிலுக்குத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இதெல்லாம் நியாயமான கணக்கு வழக்குதான்.

1997-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரேஷன் கோப்பை செமி ஃபைனலுக்கு முன்னால் மோகன் பகான் கோச் அமல் தத்தா எதிரணி ஓமோலோவை ஆம்லெட் என்றார், ஸோஸோவை ஷோஷா, அதாவது வெள்ளரிக்காய் என்றார். ஊரே சிரித்தது. ஜூலை 13-ஆம் தேதி சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர் உட்கார்ந்து பார்க்க, பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார், பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. வாய்ச்சவடாலுக்கு மைதானத்தில் பதில் வந்தது. இந்திய விளையாட்டில் அதைவிடப் பெரிய கூட்டம் எத்தனை முறை கூடியிருக்கிறது? ஜாலியான அந்தப் பகை இல்லாமல் அவ்வளவு பேர் வந்திருக்கவே மாட்டார்கள்.

சரி, பிறகு எதற்கு இந்த மடல்? முள்கம்பிக்காக.

மோகன் பகான் கேலரியில் இருக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும். ஸ்கோர் சரியில்லாதபோது, அல்லது சரியாக இருக்கும்போதுகூட, எதிர்ப்பக்கம் பார்த்து 'முள்கம்பி' என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. எல்லையைத் தாண்டி ஓடி வந்தவர்களே, அங்கேயே திரும்பிப் போங்கள் என்று அர்த்தம். இது ஆட்டத்தைப் பற்றிய கேலி இல்லை. 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்து சியால்டா ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் குடும்பம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது. விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று இன்றைக்கு ஃபிளாட் விலை எகிறிக் கிடக்கும் பகுதிகளெல்லாம் அந்த மனிதர்கள் காலி நிலத்தில் மூங்கிலும் ஓலையும் நட்டு உண்டாக்கிய காலனிகள். பல வீடுகளில் முதல் தலைமுறை ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

தமிழனாக எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே சுடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த எங்கள் ஆட்களைக் கள்ளத்தோணி என்றார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது.  அகதி என்று கேலி செய்வதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் என்னால் சிரிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1911 ஜூலை 29-ஆம் தேதி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தி ஷீல்டை வென்ற மோகன் பகான் அணியை நீங்கள் கும்பிடுகிறீர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடிய அணி. கேப்டன் ஷிப்தாஸ் பாதுரியின் பூர்வீகம் கிழக்கு வங்காளம், அது இன்று முள்கம்பிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கேலரியில் அந்தக் கோஷத்தை எடுத்துக் கொடுக்கிறவர் அடுத்த முறை 1911 பேனரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கத்தட்டும்.

ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. கிழக்கு வங்காளத்து மண்ணின் க்ளப் என்கிறீர்கள், நல்லது. ஆனால் உங்கள் சரித்திரத்தில் பொற்காலம் என்று நீங்களே சொல்லும் 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடிய பஞ்ச பாண்டவர்கள் யார்? அகமது கான், சாலே, அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ். ஐந்து பேரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். மேற்கு வங்காளத்துக் கொட்டியும் இல்லை, கிழக்கிலிருந்து வந்த பாங்காலும் இல்லை. அவர்கள் காலத்தில்தான் ஷீல்டு மூன்று வருடம் தொடர்ந்து உங்கள் க்ளப் டென்ட்டுக்கு வந்தது. பி.கே. பானர்ஜி இரண்டு க்ளப்புக்கும் கோச்சாக இருந்தார். ஆடிய காலத்தில் இரண்டிலும் ஆடாமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்துவிட்டார். தஞ்சாவூர்ப் பையன் குலோத்துங்கன் 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார், மோகன் பகானுக்கும் ஆடினார். 2018-இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். வந்தவர்களால் வளர்ந்த க்ளப் வேறு யாரையும் 'ஊருக்குப் போ' என்று சொல்ல முடியாது. ஆனால் மணிப்பூர், மிசோரம் பையன்கள் பந்தைத் தொடும்போது இரண்டு கேலரிகளிலிருந்தும் என்ன சத்தம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். பெண்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்தால் எதிர்ப்பக்கம் பாடும் பாட்டைப் பற்றி நான் இங்கே எழுதக்கூட முடியாது.

வார்த்தைதானே, விடுங்கள் என்பீர்கள். 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஈடன் கார்டனில் யாரும் கொலை செய்யும் எண்ணத்தோடு போகவில்லை. ஆட்டத்தில் மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் முட்டிக்கொண்டார்கள்; அது கேலரிக்குத் தாவியது. கிரிக்கெட்டுக்குக் கட்டிய மைதானம், இரண்டு க்ளப் ஆட்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள், கல் பறந்தது, ஓட இடமில்லை. 16 பேர் செத்துப் போனார்கள். ரசிகர்களைப் பிரித்து உட்காரவைக்காததும் வழி விடாததும் நிர்வாகத்தின் குற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கற்களை நிர்வாகம் எறியவில்லை. அந்தத் தேதியில் ஐ.எஃப்.ஏ. வருடாவருடம் ரத்ததான முகாம் நடத்துகிறது. இரண்டு க்ளப் ஆட்களும் வந்து ரத்தம் கொடுக்கிறீர்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

அந்த ஞாபகம் கேலரி வரைக்கும் வருகிறதா என்பதுதான் என் கேள்வி. 2012 டிசம்பர் 9-ஆம் தேதி, ஐ-லீக் டெர்பி, அதாவது அந்த லீக்கில் நடந்த பொரோ மேட்ச். மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள், கேலரி கொதித்தது, பறந்து வந்த கல் ரஹீம் நபியின் முகத்தில் விழுந்தது. நபி அன்று மோகன் பகான் சட்டையில் ஆடினார். அதற்கு முன் பல வருடம் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் ஆடியவர். அந்த ஆண்டு இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவர்தான். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் மைதானத்துக்குத் திரும்பவில்லை. விளைவு என்ன? முதலில் இரண்டு வருடத் தடை. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித் தடை நீங்கியது, ஆனால் 2 கோடி ரூபாய் அபராதம், அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் போயின. க்ளப் நிர்வாகிகள் எடுத்த முடிவு தவறுதான். அந்த முடிவுக்குச் சாக்கைக் கையில் கொடுத்தது கேலரி.

இப்படி ஒவ்வொரு முறையும் நாம் ஒரு சாக்கைக் கொடுக்கிறோம், அதை வைத்துக்கொண்டு மேட்சையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 2025 ஜனவரியில் ஐ.எஸ்.எல். டெர்பியைக் குவாஹாட்டியில் நடத்தினார்கள். கங்காசாகர் மேளாவுக்குப் போலீஸ் போய்விட்டதாம், இங்கே பாதுகாப்புக் கொடுக்க ஆள் இல்லையாம். மோகன் பகானின் மக்லாரன் இரண்டாவது நிமிஷத்தில் போட்ட கோலை நம் ஊர்க்காரர்கள் டிவியில் பார்த்தார்கள். அர்ஜெண்டினாவில் 2013-இல் லீக் ஆட்டங்களுக்கு எதிரணி ரசிகர்களே வரக்கூடாது என்று தடை போட்டார்கள்; வருடக்கணக்கில் நீடித்தது. 2018-இல் ரிவர் பிளேட் மைதானத்துக்குப் போகும் வழியில் போகா ஜூனியர்ஸ் பஸ்ஸைக் கல்லால் அடித்ததும், லிபர்ட்டடோரஸ் கோப்பை ஃபைனலின் இரண்டாவது ஆட்டத்தைக் கடல் தாண்டி மாட்ரிட்டில் கொண்டுபோய் நடத்தினார்கள். ப்யூனஸ் ஏர்ஸ் பெயரில் இருக்கிற பெருமையான ஆட்டம், ப்யூனஸ் ஏர்ஸ்காரன் பார்க்க முடியாத ஆட்டம் ஆனது. நம் கதை அங்கே போய் முடியக்கூடாது.

கூட்டத்தை யார் கட்டுப்படுத்த முடியும் என்று உங்களில் சிலர் கையை விரிப்பது எனக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 18-க்குப் பிறகு அந்த பதில் செல்லாது.

ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு ஊரே தெருவில் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை டியூரண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்து ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டார்கள். ஸ்டேடியத்தைச் சுற்றிக் கூட்டம் கூடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. நீங்கள் வந்தீர்கள். பச்சை-மெரூன் சட்டையும் சிவப்பு-மஞ்சள் சட்டையும் ஒன்றாக வந்தன, ஊரின் இன்னொரு பெரிய க்ளப்பான மொஹமடன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷம் போட்டீர்கள். ஒரு க்ளப் சட்டைக்காரர் தோளில் இன்னொரு க்ளப் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்த படம் நாடு முழுவதும் சுற்றியது. போலீஸ் தடியடி நடத்தியபோது அடி வாங்கியவர் எந்த க்ளப் என்று பக்கத்தில் நின்றவர் கேட்கவில்லை. நூற்றாண்டுப் பகையாளிகள், ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காமல், ஒரே ரோட்டில் மணிக்கணக்கில் நின்றீர்கள். உங்களால் முடியும் என்று சொல்வதற்கு இதற்கு மேல் எனக்கு ஒரு சாட்சியும் வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கேலரியின் முன்வரிசையில் டிரம் வைத்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று கோஷம் எடுத்துக் கொடுக்கிற நாலைந்து பேர் இருக்கிறீர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். எது ஆரம்பிக்கும், எது அடங்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. முள்கம்பிக் கோஷம் பின்னால் எங்கேயாவது கிளம்பினால் டிரம்மை அடித்து வேறு பாட்டை எடுங்கள். முகஜாடையைப் பார்த்து, பெண்களைப் பார்த்து வரும் சத்தத்துக்கும் அதையே செய்யுங்கள். கல்லோ பாட்டிலோ பறந்தால் எறிந்தவனைக் காட்டிக்கொடுங்கள். அவன் நம்ம பையன்தானே என்று மறைக்காதீர்கள். மேட்ச் முடிந்து மேட்டாடர் வண்டிகளில் கொடியோடு திரும்பும்போது எதிர் க்ளப் பேட்டை வழியாகப் போக வேண்டாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலை உடைவதில் பெரும்பகுதி ஸ்டேடியத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

2020 ஜனவரி டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் கேலரி ஒரு பெரிய பேனர் விரித்தது. ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல என்று அதில் எழுதியிருந்தது. குடியுரிமைச் சட்டம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கு மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது, ஆனாலும் அந்த பேனரைப் பற்றித்தான் ஊர் பேசியது. எதிர் கேலரியைத் திட்டாமலே ஒரு கேலரி இவ்வளவு உரக்கப் பேச முடியும். மோகன் பகான் பக்கம் இதைவிடப் பெரிய பேனர் வரட்டும், நானும் பார்க்கிறேன்.

ஐ.எஃப்.ஏ.வுக்கும் போலீசுக்கும் தனியாக எழுத வேண்டும். இங்கே சுருக்கமாக: மேட்சுக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் க்ளப் அதிகாரிகளை மட்டும் உட்காரவைக்காதீர்கள், ரசிகர் மன்றத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். எந்த கேட்டில் நெரிசல் வரும், எந்த பஸ் ஸ்டாப்பில் சண்டை வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பேனருக்கும் டிரம்முக்கும் தடை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

உங்களிடம் கடைசியாக ஒன்று. அடுத்த பொரோ மேட்சுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு தரப்பு மன்றங்களும் மைதான் பகுதியில் இருக்கும் க்ளப் டென்ட் எதிலாவது உட்கார்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள். அகதிக் கேலி இல்லை, இனக் கேலி இல்லை, பெண்களைப் பற்றிய பாட்டு இல்லை, எறிகிறவனை நாங்களே பிடித்துக் கொடுப்போம் என்று நாலே வரி போதும். அதை ஐ.எஃப்.ஏ. ஆபீஸில் கொடுத்து, இனி எங்கள் மேட்சை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று கேளுங்கள். மறுப்பதற்கு அவர்கள் புதிதாகக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
லேக் மார்க்கெட் தமிழன் ஒருவன்

பி.கு.: 5-0, 5-3 இரண்டும் பேனரில் இருக்கலாம். ஆம்லெட்டுக்கும் தடை இல்லை.