வாத்து எங்கே போச்சு? பிரவுசர் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுசர்களை உருவாக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, அந்த வாத்துப் படம் வரமாட்டேங்குது" என்றார். பேரன் விடுமுறைக்கு வந்தபோது தேடுபொறியை, வாத்துச் சின்னம் போட்ட டக்டக்கோவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். டீச்சருக்கு வாத்தைப் பிடித்துப்போயிற்று. இப்போது மின்கட்டணம் என்று அடித்தால், பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு தளத்தைத் தொட்டுக்கொண்டு, பாதித் திரை விளம்பரத்தோடு வேறெங்கோ போய் நிற்கிறது.

செட்டிங்ஸைத் திறந்தேன். பட்டியலில் டக்டக்கோ இருந்தது, ஆனால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. இந்த அமைப்பு ஓர் எக்ஸ்டென்ஷனின் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்) கட்டுப்பாட்டில் இருப்பதாக ஒரு குறிப்பு. பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொல்லி உள்ளே வந்த ஆசாமி. சரி, நீக்கிவிடலாம் என்று போனால் நீக்கும் பொத்தானே இல்லை. மெனுவின் அடியில் மட்டும் ஒரு வரி: இந்த பிரவுசர் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "எந்த நிறுவனம் தம்பி? நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சே."

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் பிரவுசரையே அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தானாம். போகவில்லை. போகாது, ஏனென்றால் உத்தரவு பிரவுசருக்குள் இல்லை. அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க நீங்கள் செய்து வைத்த பாலிசி வசதி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருக்கிறது. 'இந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயம் நிறுவு, பயனரை நீக்க விடாதே' என்று அங்கே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நூறு கணினி உள்ள வங்கிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் டீச்சர் வீட்டில் அந்த வரியை எழுதியது இலவச மென்பொருள் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்த நிரல். நான் வரியை அழித்தேன். அரை மணி நேரத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது. கடைசியில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த நிரல் விட்டுவைத்த வேலையைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகுதான் வாத்து வந்தது.

இந்த வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. அலுவலக வலையமைப்பில் சேராத கணினியில் தேடுபொறியை பாலிசி மூலம் நேரடியாகத் திணிக்க முடியாதபடி உங்களில் சிலர் ஏற்கெனவே தடை வைத்திருக்கிறீர்கள். ஆனால் எக்ஸ்டென்ஷன் வழியாக வந்தால் விட்டுவிடுகிறீர்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான்.

வைரஸ் எதுவும் இல்லாமலே இதே புகாரோடு வருகிறவர்களும் உண்டு. முகவரிப் பட்டையில் ஒரு தேடுபொறி, புதிய டேபின் நடுவில் இருக்கும் பெட்டியில் இன்னொன்று, பிரைவேட் விண்டோவுக்குத் தனியாக ஒன்று, போனின் முகப்புத் திரைப் பட்டைக்கு வேறொன்று. ஒரே இடத்தில் மாற்றிவிட்டு எல்லாம் மாறிவிட்டது என்று மனிதர்கள் நம்புகிறார்கள். நம்புவது அவர்கள் தப்பா?

டீஃபால்ட், அதாவது நாம் எதையும் மாற்றாதபோது தானாக இருக்கும் தேர்வு, என்ற அந்த ஒரு இடத்தின் விலை உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன்களிலும் பிரவுசர்களிலும் டீஃபால்ட் தேடுபொறியாக இருக்க கூகுள் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, ஆண்ட்ராய்டு போனை முதன்முதலில் அமைக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவர்கள். தேர்ந்தெடுத்தது நிற்கவில்லை என்றுதான் வருகிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். தேடுபொறி என் கை படாமல் மாறினால், எந்த நிரல் மாற்றியது, என்றைக்கு மாற்றியது என்று அந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டுக் கணினியில் இல்லாத 'நிறுவனத்தை'க் காட்டிப் பயமுறுத்தாமல், 'இந்தக் கணினியில் உள்ள ஒரு நிரல் இதைப் பூட்டியிருக்கிறது' என்று சொல்லி, பூட்டைத் திறக்கும் பொத்தானையும் அங்கேயே வையுங்கள். அலுவலகக் கணினி எது, வீட்டுக் கணினி எது என்று பிரித்துப் பார்க்க உங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன தடையே அதற்குச் சாட்சி. அப்புறம், தேடல் பெட்டி எத்தனை வைத்தாலும் சரி, எல்லாம் ஒரே பேச்சைக் கேட்கட்டும். தனித்தனியாக வேண்டும் என்கிறவர் தேடிப்போய்ப் பிரித்துக்கொள்ளட்டும்.

டீச்சர் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே, "அப்போ போட்டோவை பிடிஎஃப்பா மாத்துறது இனிமே எதுல தம்பி?" என்றார். எதையோ அனுப்ப வேண்டியிருக்கிறதாம். அதற்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம், பிரின்ட் கொடுத்து பிடிஎஃப்பாகச் சேமித்தால் போதும் என்று செய்து காட்டினேன். ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஒரு கணினிக் கடைக்காரன்