78 அல்ல, 63

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், சட்டப்பேரவையோடு இரண்டாவது அவையாக இருந்த தமிழ்நாட்டுச் சட்ட மேலவை பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "1986இல் மேலவை கலைக்கப்பட்டபோது பதவி இழந்தவர்கள் 78 உறுப்பினர்கள், மக்கள் எதையும் இழக்கவில்லை." படித்து நான்கு நாட்களாகின்றன. இன்னும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

78 அல்ல, 63. 1952இல் 72 பேர் இருந்தார்கள். ஆந்திரம் பிரிந்ததும் 51 ஆனார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 63. கடைசி நாள்வரை அதுதான் கணக்கு. உள்ளாட்சி மன்றத்தினர் தேர்ந்தெடுத்தவர்கள் 21, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 21, பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தவர்கள் 6, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 6, ஆளுநர் நியமித்தவர்கள் 9. கூட்டிப் பாருங்கள். தங்கள் கட்டுரையாளர் எடுத்துப் போட்டிருக்கும் 78, நாடாளுமன்றம் 2010இல் இயற்றிய சட்டத்தில் உள்ள எண். ஒரு நாள்கூடக் கூடாத ஒரு மேலவையின் எண். இருந்த அவையையும் வராமலே போன அவையையும் அவர் ஒன்றாக்கிவிட்டார்.

"கலைக்கப்பட்டது" என்ற சொல்லும் தவறு. முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சட்டப்பேரவையைக் கலைக்கலாம், மேலவையைக் கலைக்க அரசியலமைப்பில் இடமே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவார்கள், அவை நின்றுகொண்டே இருக்கும். அதை ஒழிக்கத்தான் முடியும். 1986 மே 14 அன்று பேரவையில் தீர்மானம் வந்தது, நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. அது ஒழிப்பு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அச்சேறியதுதான் வருத்தம்.

மக்கள் எதை இழந்தார்கள் என்று கேட்பவருக்கு என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். 1971இல் ஓர் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். 1979இல் நிர்வாகத் தகராறு ஒன்றில் எங்களுக்கு ஐந்து மாதம் சம்பளம் நின்றது. மளிகைக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. நாங்கள் எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் எங்கள் ஆசிரியர் தொகுதி மேலவை உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டோம். அடுத்த வாரமே பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டியின் ஓரமெல்லாம் செம்மண். எட்டாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பதினொரு ஆசிரியர்களின் பெயரையும் நிலுவைத் தொகையையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். மேலவையில் கேள்வி கேட்டார். ஆறு வாரத்தில் சம்பளம் வந்தது. அவரும் எங்களைப் போல் சாக்பீஸ் பிடித்தவர். ஐந்து மாதச் சம்பளம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று மேலவையில் எழுந்து நின்று "ஏன்" என்று கேட்க, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த அந்த ஆறு பேரைப் போல் ஒருவர்கூட இல்லை. மக்கள் எதையும் இழக்கவில்லையாம்.

தேர்தலில் தோற்றவர்களுக்கு மேலவை புகலிடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் நடந்தது, மறுக்கவில்லை. 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமல் நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சரானதை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் 1967இல் முதலமைச்சரான அண்ணா, தென் சென்னையில் வென்ற நாடாளுமன்ற இடத்தை விட்டுவிட்டு மேலவைக்குத்தான் வந்தார். அவர் தோற்றவரா? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோத்த ம.பொ.சி., அந்த அவையின் கடைசித் தலைவராக அமர்ந்திருந்தார். சிலம்புச் செல்வர் என்று போற்றப்பட்ட அவர் அந்த நாற்காலியில் இருந்தார் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். தங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. ஒரு நடிகையை மேலவைக்கு நியமித்ததையும் அவருடைய கடனையும் பற்றி மட்டும் இரண்டு பத்திகள் இருக்கின்றன.

1989இல் மேலவை வேண்டும் என்று பேரவையில் தீர்மானம். 1991இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்றார்கள். 1996இல் வேண்டும், 2001இல் வேண்டாம், 2010இல் மறுபடியும் வேண்டும். அந்த முறை சட்டமே வந்துவிட்டதால் நம்பினேன். பட்டதாரித் தொகுதி வாக்காளராகப் பதிவு செய்ய 18ஆம் எண் படிவம். அதை நிரப்பி, பட்டச் சான்றிதழின் ஜெராக்ஸில் சான்றொப்பம் வாங்கிக் கொடுத்தேன். தெருவில் பதினேழு பேருக்கு நானே திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தி வாக்களித்தே பழகிய இளைஞர்களுக்கு, இங்கே பெயருக்கு எதிரில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டும், பெருக்கல் குறி போட்டால் வாக்கு செல்லாது என்று தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். எழுபதுகளில் என்னோடு வாக்களிக்க வந்த கணித ஆசிரியரே பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்து கலங்கியவர். வழக்குகள் வந்தன, தேர்தல் நடக்கவில்லை. 2011இல் ஆட்சி மாறியது, தீர்மானமும் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பதினேழு பேரில் சிலர் "சார், நம்ம ஓட்டு என்ன ஆச்சு?" என்று வெகுநாள் கேட்டார்கள்.

இன்னொன்று. என் மனைவி 33 ஆண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் தொகுதியில் அவருக்கு ஒரு நாளும் வாக்குரிமை இருந்ததில்லை. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையத்தில் பணிபுரிபவருக்கே வாக்கு என்று அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு சொல்கிறது. நான் வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய அன்று, "அ, ஆ சொல்லிக் கொடுப்பவள் ஆசிரியை இல்லையா?" என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மேலவையில் குறை இருந்தது என்றால் இந்தக் குறையை எழுதியிருக்கலாம். பட்டதாரித் தொகுதியில் நிற்பவர் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை என்று 1972இல் சென்னைத் தொகுதி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் சொன்னதைக் கேள்வி கேட்டிருக்கலாம். எங்களுக்கும் அதில் கோபம் உண்டு.

தங்கள் இதழை 1974 முதல் வாங்குகிறேன். வாரந்தோறும் வந்த பள்ளிப் பக்கத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினீர்கள். அது குறித்து எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆசிரியர் தொகுதித் தேர்தல் நடந்தால் உள்பக்கத்தில் நான்கு வரி போடுகிறீர்கள். நமக்கும் அப்படி ஒரு தொகுதி இருந்தது என்று அங்கே ஒரு வரி சேர்க்க இடமில்லை.

இக்கடிதத்தை முழுதும் வெளியிட வேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்த இதழில், பிழைத் திருத்தம் போடும் இடத்தில், 1986இல் மேலவையின் உறுப்பினர் எண்ணிக்கை 63, அவர்களில் 6 பேர் ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று இரண்டு வரி போடுங்கள். என் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மன்னார்குடி.