ஏப்ரல் 7-ஐ ஜூலை 4 ஆக்கிய உங்கள் நிறுவனத்துக்கு

வணக்கம்.

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். எங்களுக்கு ஜப்பானில் நகோயாவில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே இரண்டு வருட வேலைக்காக மூன்று பேரை அனுப்பினேன். அவர்களுக்கு பிஎஃப் அலுவலகத்தில் சிஓசி, அதாவது இங்கே பிஎஃப் கட்டுவதால் அங்கே பென்ஷன் கட்ட வேண்டாம் என்பதற்கான சான்றிதழ், வாங்கித் தரும் வேலையை உங்களிடம் ஒப்படைத்து, ஆளுக்கு 12,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் முன்பணமாகவே கட்டினேன்.

மூவரும் விமானம் ஏறியது ஏப்ரல் 7. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் 07/04 என்றுதான் இருக்கிறது. உங்கள் ஆள் அதை அமெரிக்கக் கணக்கில் படித்து, ஜூலை 4 என்று விண்ணப்பத்தில் ஏற்றியிருக்கிறார். மூன்று சான்றிதழும் ஜூலை 4-லிருந்துதான் செல்லும் என்று வந்தன. நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரிபார்த்தேன், தேதியைக் கோட்டைவிட்டேன். ஆனால் அதைப் பார்ப்பதற்குத்தானே உங்களுக்குக் காசு?

நகோயாவில் கணக்குப் பார்ப்பவர் சான்றிதழில் உள்ளபடி நடந்துகொண்டார், அவர் மேல் தப்பில்லை. ஜூலை வரைக்கும் விலக்கு இல்லை என்று மூவரையும் அங்குள்ள ஊழியர் பென்ஷனில், கோசெய் நென்கினில், சேர்த்துவிட்டார். அது சம்பளத்தில் 18.3 சதவீதம், பாதி ஊழியர், பாதி முதலாளி. மாதம் 3 லட்சம் யென் சம்பளத்துக்கு ஆளுக்கு 27,450 யென் பிடித்தம், அதே அளவு என் கையிலிருந்தும். சம்பளச் சீட்டு முழுக்க ஜப்பானிய எழுத்து என்பதால் பையன்கள் மே மாதம் அதை ஹெல்த் இன்சூரன்ஸ் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்கள். ஜூனில் தென்காசிப் பையன் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். (ஹெல்த் இன்சூரன்ஸ் அங்கே கட்டித்தான் ஆக வேண்டும், இரண்டு நாட்டுக்கும் உள்ள ஒப்பந்தம் பென்ஷனுக்கு மட்டும்தான். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.)

இத்தனைக்கும் அதே மூன்று மாதமும் இங்கே பிஎஃப், ஊழியர் பங்கு 12 சதவீதமும் என் பங்கு 12 சதவீதமும், ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன். இப்படி இரண்டு பக்கமும் கட்டக் கூடாது என்றுதானே இந்தியா-ஜப்பான் ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சிஓசி இருந்தால் ஐந்து வருடம் வரை அங்கே பென்ஷன் கட்ட வேண்டாம். ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும், மூவருடைய பங்கும் என் பங்கும் சேர்த்து மொத்தம் 4,94,100 யென் போயிருக்கிறது.

அந்த வாட்ஸ்அப் வந்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிட்டேன். ஏழு வாரமாக "நோட்டட் சார்", "டேட் ஃபார்மேட் இஷ்யூ சார்" என்று இரண்டே பதில். போன வாரம் போனில் உங்கள் மேனேஜர் சொன்னதுதான் பொறுக்கவில்லை: "நாடு திரும்பும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் சார்." எதை வாங்குவது? கட்டிய பென்ஷனுக்காக நாடு திரும்புகிறவர்களுக்கு ஜப்பானில் தரும் அந்த மொத்தத் தொகையைக் கேட்கவே குறைந்தது ஆறு மாதம் கட்டியிருக்க வேண்டும், எங்கள் பையன்கள் கட்டியது மூன்று மாதம். ஆறு மாதம் கட்டியவர்களுக்கே 20.42 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், முதலாளி கட்டிய பாதியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிற உங்களுக்கு இது தெரியாதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

சரி, எனக்கு வேண்டியது இதுதான். ஏப்ரல் 7 முதல் செல்லும்படி திருத்திய சான்றிதழை மூவருக்கும் இந்த மாதத்துக்குள் வாங்கித் தாருங்கள். அதை வைத்து நகோயாவில் அந்த மூன்று மாதப் பதிவை ரத்து செய்யக் கேட்கிறோம், அங்கே கணக்காளருக்கு ஆகும் செலவு உங்களுடையது. உங்கள் கட்டணத்தையும் திருப்பிக் கொடுங்கள். ரத்து ஆகவில்லை என்றால் அந்த யென் முழுவதும் உங்களிடம்தான் கேட்பேன், பையன்களுடைய பங்கை முதலில். அவர்களுக்கு அதை நான் இந்த மாதச் சம்பளத்தோடு என் கையிலிருந்தே கொடுத்துவிட்டேன், வட்டிக்கு வாங்கித்தான்.

அப்புறம், பதிலை மெயிலில் அனுப்புங்கள். போன் வேண்டாம். தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.