டாங்க் என்ற சொல்லும் எங்கள் குளங்களும்

முள்ளியவளை,
தை மாதம்

அன்பு நண்பருக்கு,

நலம். உமது நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். உமது கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கைக்குக் கிடைத்தது. எங்கள் வன்னியின் பெருங்குளமாகிய இரணைமடு நிரம்பி வான் பாய்ந்த ஆங்கிலச் செய்தியை வாசித்த உமது பேரன், “டாங்க் நிறைந்ததற்கு ஏன் ஊர்மக்களை இடம்பெயரச் சொல்கிறார்கள்?” என்று கேட்டதாகவும், அவன் மனத்தில் இருந்தது உங்கள் வீட்டு நிலவறையில் நிற்கும் சுடுநீர்க் கலம் என்பது உமக்குப் பிறகுதான் புரிந்ததாகவும் எழுதியிருந்தீர். அந்த வரிகளை நான் இரண்டு முறை வாசித்தேன். ஏனென்றால், உமக்கு எழுத வேண்டும் என்று சில கிழமைகளாக நான் எண்ணியிருந்ததும் இதே சொல்லைப் பற்றித்தான்.

மாலையில் என் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருவது உமக்குத் தெரியும். மார்கழி விடுமுறையில் ஒரு நாள், பாடசாலை டாங்குக்கு அருகில் இருக்கிறது என்று பொருள்படும் சிறிய ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை, ‘பாடசாலை போர் டாங்கிக்கு அருகில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். முதலில் ‘தண்ணீர்த் தாங்கி’ என்று எழுதிப் பிறகு அழித்த தடமும் அதன்கீழ் மங்கலாகத் தெரிந்தது. அழித்த இடத்தில் தாள் மெலிந்து, பென்சில் முனை குத்திச் சிறிய துளையும் விழுந்திருந்தது. இரண்டு பொருளை எண்ணிப் பார்த்த பிள்ளைக்குக் குளம் நினைவுக்கு வரவில்லை. அவள் வீட்டிலிருந்து முந்நூறு அடி நடந்தால் குளக்கட்டு. அந்தக் கட்டில் நாட்டியிருக்கும் பலகையில், சிங்களத்தில் வெவ என்றும் தமிழில் குளம் என்றும் ஆங்கிலத்தில் டாங்க் என்றும் எழுதியிருப்பதை ஒவ்வொரு நாளும் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். மறுநாள் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே கூட்டிச் சென்று பலகையை வாசிக்கச் சொன்னேன். அவள் ஆங்கில எழுத்துகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து இச்சொல் என்னை விடவில்லை.

அகராதியில் இதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இது ஆங்கிலேயரின் மண்ணில் பிறந்த சொல் அன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வணிகரின் வாய்வழியே ஆங்கிலத்துக்குள் போன சொல். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர் சேமிக்கும் கட்டுமானத்துக்கு வழங்கிய சொல்லே இதன் மூலம் என்பது பெரும்பாலோர் கருத்து. நீரைத் தடுத்துத் தேக்குவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் ஒன்றும் இதனுடன் கலந்திருக்கிறது. நம் தமிழன்பர் சிலர், வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் ஏரியைக் குறிக்கும் ‘தாங்கல்’ என்பதே ஆங்கிலத்துக்குப் போனது என்று சொல்லக்கூடும். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது என்று நம் ஆசிரியர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆங்கிலேயருக்குச் சொந்தச் சொற்கள் இல்லாமல் இல்லை. பொண்ட், பூல், லேக், சிஸ்டர்ன், ரிசர்வோயர் என்று எத்தனையோ உண்டு. இருந்தும் இவற்றில் ஒன்றும் நம் குளத்துக்குப் பொருந்தவில்லை. பொண்ட் சிறியது. பூல் நீர் தங்கும் பள்ளம். நம் மடுவுக்கு அது ஓரளவு நெருக்கம். லேக் இயற்கையாக அமைந்தது. சிஸ்டர்ன் மூடிவைத்த தொட்டி. ரிசர்வோயர் மட்டும் அருகில் வருகிறது, ஆனால் அதில் நீரைச் சேமித்தல் என்ற ஒரு கருத்துத்தான் உண்டு. மழைநீரை மண்கட்டால் மறித்து, துருசு என்னும் மதகு வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதை வான் என்னும் கலிங்கால் கழித்து, நீர் அலைமோதும் அலைகரையில் மாடு மேய்த்து, கட்டில் பிள்ளையாரை வைத்துப் பொங்கும் ஒன்று அவர்களின் நாட்டில் இருக்கவில்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை. ஆகவே பொருளைக் கண்ட இடத்திலேயே சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கையில் அவர்கள் வைத்த வேறுபாட்டையும் கவனித்துப் பாரும். 1807இல் கண்டி அரசன் கட்டுவித்ததும் லேக். நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் கிரெகரி அமைத்ததும் லேக். இரண்டும் மனிதர் கட்டியவையே. அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய இரணைமடுவும் மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளமும் டாங்க். ஆகவே அளவு இதைத் தீர்மானிக்கவில்லை. உலாவிப் பார்ப்பதற்குரிய நீர் லேக் ஆயிற்று, உழவனுக்குரிய நீர் டாங்க் ஆயிற்று என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் நீர் உழவனின் பக்கத்தில் நிற்பது எனக்குப் பெருமையே.

இனி அந்தப் பிள்ளை எழுதிய போர் டாங்கி என்ற பொருளுக்கு வருகிறேன். 1915இல் ஆங்கிலேயர் இரும்பு ஊர்தி ஒன்றை இரகசியமாகச் செய்தனர். செய்த தொழிற்சாலை லிங்கன் நகரில் இருந்தது. அதுவரை கமத்தொழிலுக்கான பொறிகளைச் செய்துவந்த ஆலை அது. வேலையாட்களுக்கும் ஒற்றர்களுக்கும் உண்மை தெரியாதிருக்க, தண்ணீர் கொண்டுசெல்லும் கலம் என்று சொல்லிவைத்தார்கள். பெயர் தேடியபோது, சிஸ்டர்ன், ரிசர்வோயர் முதலிய சொற்களையும் எண்ணிப் பார்த்து விலக்கிவிட்டு, ஓரசைச் சொல்லாக வாயில் எளிதாக நிற்கும் என்று டாங்க் என்பதைத் தெரிந்தெடுத்ததாக அத்திட்டத்தில் முன்னின்ற ஸ்விண்டன் என்ற படை அதிகாரி பின்னர் எழுதியிருக்கிறார். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரான்சில் சொம் ஆற்றுப் போர்முனையில் அது முதன்முதலாக ஓடியது. இரகசியம் கலைந்தது, பெயர் நிலைத்தது. நெல்லுக்கு நீர் தேக்கும் ஒன்றின் பெயர், கமப்பொறி ஆலையில் பிறந்த கொலைப்பொறிக்கு மறைப்பாகப் போய், பிறகு அதற்கே சொந்தமாகிவிட்டது. இதை வாசித்த இரவு எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

ஏன் என்று உமக்கு விளக்க வேண்டியதில்லை. 2009இல், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் எந்த ஒலியைக் கேட்டுப் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்தோம் என்பதை உமக்கு முன்னரே எழுதியிருக்கிறேன். டாங்கி என்ற சொல் காதில் விழுந்தால் என் மனைவி இன்றும் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். போருக்குப் பின் பல ஆண்டுகள், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்தில், பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று அடியோடு சரிந்து கிடந்ததை உமது வருகையின்போது பார்த்தீர். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் இரணைமடு. குளமும் டாங்க், சரிந்த தாங்கியும் டாங்க், அந்த வீதியால் உருண்டு போனதும் டாங்க். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் அடங்கியதை நாங்கள் மூன்றாகவே அறிந்திருக்கிறோம்.

மற்றப் பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பேரனுக்கு உதவும். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியும் டாங்க். மோட்டார்ச் சைக்கிளில் பெற்றோல் நிற்கும் இடமும் டாங்க். அறிஞர் கூடிக் கொள்கை வகுக்கும் அமைப்பை, சிந்தனையை முன்னே வைத்துத் திங்க் டாங்க் என்பார்கள். நம் பத்திரிகைகள் சிந்தனைக் குழாம் என்று எழுதுகின்றன. டாங்க் என்பதையே வினையாக்கினால், பங்கு விலை சடுதியாக வீழ்வதையும், விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பதையும் குறிக்கும். கையில்லாச் சட்டைக்கு டாங்க் டொப் என்ற பெயர் வந்ததற்கும், நீச்சல் தடாகத்தை முன்பு அப்படி அழைத்ததே காரணம். ஆனால் கோடையில் எங்கள் ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லொறியை நாங்கள் டாங்கர் என்பதில்லை. பவுசர் என்றே சொல்கிறோம்.

நம் பக்கத்துச் சொல் ஒன்றையும் இங்கே பாராட்டாமல் விட மனம் வரவில்லை. டாங்க் என்பதைத் தாங்கி என்று ஆக்கியவர் யாரோ, அவர் வெறும் ஒலிபெயர்ப்புச் செய்யவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி என்ற வரிசையில் அதைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். நீரைத் தாங்குவது தாங்கி. ஒரு பிள்ளைக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு உண்மையான கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. டாங்க் என்ற ஒரு சொல்லால் அவர்கள் எழுதிவைத்ததை, நாமும் குளம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடத் தொடங்கியிருக்கிறோம். வன்னியின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாரும்: இரணைமடு, கல்மடு, நெடுங்கேணி, கணுக்கேணி, தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு. மடு என்பது ஆற்றிலோ பள்ளத்திலோ நீர் ஆழ்ந்து நிற்கும் இடம். கனகராயன் ஆற்றில் அப்படி இரட்டையாக நின்றவையே இரணைமடு. கேணி என்பது தோண்டியது. முறிப்பு என்றால் கட்டு உடைந்த இடம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பழைய அழிவையும் அதைத் திருத்திய உழைப்பையும் அந்தப் பெயர் காத்து வைத்திருக்கிறது. மோட்டை, வில்லு, வாவி என்று நீர்நிலைப் பெயர்கள் இன்னும் உண்டு. வாவியும் சிங்களத்து வெவவும் ஒரே வேரில் கிளைத்தவை. மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலத்தில் அரக்கனின் டாங்க் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயரைக் கேட்பவர் ஓர் அரக்கனை நினைப்பார். தமிழ்ப் பெயரைக் கேட்பவர் கட்டிய கரையை நினைப்பார். கணுக்கேணிக்கும் இப்போது கணுக்கேணிக் குளம் என்றுதான் பெயர். உள்ளே இருக்கும் கேணி என்ற சொல்லைப் பிள்ளைகள் பொருளற்ற ஒலியாகவே சொல்கிறார்கள். அதனால் வகுப்பில் இப்போது இரண்டு வேலையும் சேர்த்துச் செய்கிறேன். ஒரு நாள் ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு எத்தனை பொருள் என்று பார்க்கிறோம். மறுநாள் அதில் ஒரு பொருளுக்குத் தமிழில் எத்தனை சொல் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவருகிறார்கள். துளை விழுந்த கொப்பிக்காரப் பிள்ளைதான் அலைகரை என்ற சொல்லைத் தன் அப்பப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பேரனிடம் இப்படிச் சொல்லும்: இரணைமடு என்பது மறுகரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு விரிந்த நீர், அதன் வான்கதவுகளைத் திறந்தால் கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்களின் முற்றத்துக்குத் தண்ணீர் வரும், ஆகவேதான் எச்சரிக்கிறார்கள். படம் ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். போன ஞாயிறு எங்கள் குளக்கட்டில் நின்று எடுத்தது. துருசின் பக்கத்தில் நிற்பவர்கள் என் பிள்ளைகள்.

மாரி மழையில் விதைத்த காலபோக நெல், கதிர் உள்ளே கருக்கொண்டு குடலை தள்ளி நிற்கிறது. மழை இன்னும் விட்டபாடில்லை; கதிர் வரும் நேரத்தில் வெயில் வேண்டும். உங்கள் வீட்டு நிலவறையில் நிற்கும் அந்தக் கலத்தை அங்குள்ள நம்மவர் தமிழில் என்னவென்று சொல்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் எழுதும்; பிள்ளைகளின் கொப்பியில் அதற்கு ஒரு வரி விட்டுவைத்திருக்கிறோம்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்