பதம் ஏற்றும் நேரத்தை வெட்டிவிடாதீர்கள்: கத்தி நிகழ்ச்சி ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளைப் பக்கம் உலை வைத்திருப்பவர்களும் பழைய கத்திகளைச் சேர்த்துப் பாதுகாப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய 'ஃபோர்ஜ்டு இன் ஃபயர்' கத்தி செய்வதைப் போட்டியாக்கியது. நான்கு கொல்லர்கள், மூன்று சுற்றுகள், பத்தாயிரம் டாலர் பரிசு. அதன் வழியில் வரும் நிகழ்ச்சிகளில் சம்மட்டி அடி நிமிடக்கணக்கில் ஓடுகிறது. எண்ணெயில் தோய்ப்பது தீப்பிழம்போடு ஒரு நொடியில் முடிகிறது. கத்தி கத்தியாவது அந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் நடக்கும் பதம் ஏற்றலில்தான், அதாவது காய்ச்சி, குளிர்வித்து, இளக்கி உறுதியாக்குவதில்தான்.

எங்கள் ஊர் வெட்டுக்கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்வது, அதில் கரி (கார்பன்) ஏறக்குறைய 0.6 சதவீதம். அடித்து வடிவம் வந்ததும், காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் (சுமார் 770 டிகிரி செல்சியஸ்) சற்று மேலே காய்ச்சி, காற்றில் ஆறவிட வேண்டும். இப்படி மூன்று முறை. அவசரத்தில் இதை விட்டால், அடியின் இறுக்கம் உள்ளேயே தங்கி, தோய்க்கும்போது கத்தி கோணும். பிறகு 830 முதல் 850 டிகிரிக்குக் காய்ச்சி, முன்பே 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் முனை கீழாக நேராக இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு புறம் முந்திக் குளிர்ந்து வளையும். இந்த இரும்பைத் தண்ணீரில் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரலாம். அது விரிசல், அதற்கு மருந்து கிடையாது.

அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. ஆனால் இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி. உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால்தான் வாய் (வெட்டும் விளிம்பு) வைக்கோல் நிறத்துக்கு வந்து உறுதிப்படும். முதுகை மட்டும் நீலம் வரை சூடாக்கி இளக்க வேண்டும். வாய் அதிகம் கடினமானால் சிரட்டையில் பட்டுச் சில்லு பெயரும். மெத்தென்று இருந்தால் மடங்கும்.

சோதனையில் ஒரு கத்தி முறிந்தால் செய்தவரின் முகத்தைக் காட்டுகிறீர்கள். முறிந்த இடத்தைக் காட்டுங்கள். சர்க்கரைப் பரல் போல மின்னினால் அதிகம் காய்ச்சிவிட்டார். சாம்பல் நிறத்தில் நைசாக இருந்தால் காய்ச்சிய சூடு சரி, காரணம் வேறெங்கோ. பார்ப்பவர் இதில் கற்றுக்கொள்வது பத்து வெட்டுச் சோதனைகளில் கிடைக்காது.

'டமாஸ்கஸ்' என்று நீங்கள் சொல்வது பல தகடுகளை வெங்காரம் (போராக்ஸ்) தூவி ஒட்டவைத்து, அமிலத்தில் வரி தெரியச் செய்தது. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் புகழ் தந்தது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவையில்) உருக்கிய எஃகு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும்போது நம் நாட்டுக் கொல்லர்களின் பங்கு மறைந்துபோகிறது. மொழிமாற்றத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பார்த்துவிட்டு வீட்டில் முயலும் பிள்ளைகளுக்காக: துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைத்தால் வரும் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். எண்ணெய்க்கு மூடியுள்ள இரும்புப் பாத்திரம்தான் வேண்டும், பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது.

சேகரிப்பவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் எங்கள் மழைக்காற்றில் துரு நிச்சயம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். மினரல் ஆயில் மெல்லியதாகத் தடவினால் போதும். வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கு அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், 1959 ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் அது ஆயுதம். அலங்கார வாள் வாங்கத் தூண்டும் நிகழ்ச்சி இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக் கத்தியை ஒரு முறை படமெடுங்கள். பட்டையில் போடும் வெட்டு ஒட்டு மரத்தில் 30 டிகிரிச் சரிவு, விதையில் வளர்ந்த மரத்தில் 25. தடியை ஒட்டிய ஈரப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் வாய் நிற்க வேண்டும். மழுங்கிய கத்தி சீவாது, கிழிக்கும். காயம்பட்ட இடம் முண்டு முண்டாக வீங்கி, அடுத்த சுற்றுக்குப் புதுப்பட்டை சீராக வராது. வாளுக்கு வேண்டாத நுட்பம் இந்தச் சின்ன வாய்க்கு வேண்டும்.

எடுக்க வந்தால் உங்கள் பெரிய விளக்குகளை உலைப்பக்கம் திருப்பாதீர்கள். கடும் வெளிச்சத்தில் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரியும். சூடு போதாது என்று கொல்லர் இன்னும் காய்ச்சுவார், கத்தி கெடும். அரையிருட்டில் எடுங்கள்.

இப்படிக்கு,
குமரி மேற்குப் பகுதிக் கொல்லர்களும் கத்தி சேகரிப்பவர்களும்