துரு தாங்கும் ரகத்தில் துரு வந்தது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "துரு நோய் தாங்கும் ரகம் என்றுதானே கொடுத்தீர்கள்? இப்போது இலையைத் தொட்டால் விரலெல்லாம் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டுகிறதே!" இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்குக் கல்லாவில் நின்றபடியே இரண்டு வரி சொல்லி அனுப்பிவிடுகிறோம். கேட்டவர் அரைமனதோடு திரும்பிப் போவது எங்களுக்கும் தெரிகிறது. அதனால் இந்தமுறை உட்கார்ந்து எழுதுகிறோம்.

மக்கிய கட்டையில் முளைக்கும் காளானும் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சையும் தூரத்து உறவுதான். ஆனால் துருவுக்குச் செத்த பொருள் ஆகாது. செடி உயிரோடு இருக்க வேண்டும். அதன் செல்லும் உயிரோடு இருக்க வேண்டும். கொல்லாமல் உண்பதுதான் இதன் பிழைப்பு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இலையில் விழுந்த பூஞ்சை வித்து ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. முளைக்குழாய் இலையின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போய் இலைத்துளையைக் கண்டுபிடிக்கும். பீன்ஸ் துருவுக்கு அரை மைக்ரான் உயரத்தில் ஒரு மேடு இருந்தால் போதும், "வாசல் வந்துவிட்டது" என்று நின்றுவிடும். உள்ளே போனதும் செல்சுவரில் ஒரு துளை போட்டு ஹாஸ்டோரியம் என்ற உறிஞ்சு உறுப்பை நுழைக்கிறது. சுவருக்கு உள்ளே இருக்கும் செல் சவ்வை மட்டும் கிழிப்பதில்லை. ஊதிய பலூனில் விரலை மெல்ல அழுத்தினால் பலூன் விரலைச் சுற்றிக்கொள்ளுமே, அப்படிச் சவ்வு அந்த உறுப்பைச் சுற்றிக்கொள்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் இந்த வழியாகத்தான் பூஞ்சைக்குப் போகின்றன.

வாங்குவதோடு அது நிற்பதில்லை, அனுப்பவும் செய்கிறது. ஹாஸ்டோரியத்திலிருந்து சின்னச் சின்னப் புரதங்கள் வெளியே சுரக்கின்றன. இவற்றை எஃபெக்டர் என்பார்கள். ஒவ்வொன்றும் உருவாகும்போது அதன் முன்பக்கம் ஒரு சிறு துண்டு இருக்கும், 'இதை வெளியே அனுப்பு' என்று எழுதிய சீட்டு மாதிரி. வழியிலேயே அந்தச் சீட்டு கழன்றுவிடும். 2011-இல் கோதுமைத் தண்டுத் துருவின் மரபணுத் தொகுதியும் பாப்லர் மரத் துருவின் மரபணுத் தொகுதியும் வெளியாயின. இரண்டிலும் இப்படிச் சுரக்கக்கூடிய சிறு புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கு வந்தது. பல எஃபெக்டர்கள் செடியின் செல்லுக்குள்ளேயே போய்விடுகின்றன. அவரை இனத் துரு ஒன்றின் புரதத்தைச் செடி செல்லின் உட்கருவிலேயே பார்த்ததாக 2005-இல் ஆய்வு வந்தது. எதற்காக இவ்வளவும்? செடியின் அபாய மணியை அடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான்.

சரி, தாங்கும் ரகம் என்ன செய்கிறது? பலர் அதை ஒரு தடித்த மதில் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காவல்காரன் மாதிரி. அந்த ரகத்தின் எதிர்ப்பு மரபணு, பூஞ்சையின் ஏதோ ஒரு எஃபெக்டரின் முகத்தை அடையாளம் வைத்திருக்கும். அந்த முகம் தெரிந்ததும் துரு நுழைந்த செல் தானே செத்துவிடும். உயிருள்ள செல் இல்லாவிட்டால் துருவுக்குச் சோறு இல்லை, பட்டினிதான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைச் செடியின் துருவை ஆராய்ந்த ஹெரால்டு ஃபிளோர் 1940-களிலேயே கணக்கைப் பிடித்துவிட்டார்: செடியில் ஒரு மரபணு, பூஞ்சையில் அதற்கு ஈடாக ஒரு மரபணு.

பூஞ்சை தப்பிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு முகத்தை மாற்றினால் போதும். கோதுமையின் எஸ்ஆர்35 என்ற எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் புரதத்தை 2017-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவைத் தாண்டும் துருக்களில், அலைந்து திரியும் ஒரு டிஎன்ஏ துண்டு அந்தப் புரதத்தின் மரபணுவுக்கு நடுவில் புகுந்து அதைக் கெடுத்திருந்தது. காவல்காரன் விழித்துத்தான் இருக்கிறான், வந்தவனைத்தான் தெரியவில்லை. உகாண்டாவில் 1998-இல் தென்பட்ட யூஜி99 என்ற கோதுமைத் தண்டுத் துருவும், உலகெங்கும் நம்பியிருந்த எஸ்ஆர்31 என்ற எதிர்ப்பு மரபணுவைச் செல்லாக்காசாக்கியது.

ஆகவே விதை பொய் சொல்லவில்லை. ஆனால் 'துரு தாங்கும்' என்று சொல்லி விற்ற நாங்கள், 'இப்போது சுற்றும் துரு வகைகளை' என்ற நான்கு சொற்களையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் குறை. இனி இரண்டு, மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்த ரகம் கிடைக்கும்போது அதையே முதலில் எடுத்துக் காட்டுவோம். ஒரே நேரத்தில் மூன்று முகங்களை மாற்றுவது துருவுக்கும் லேசில்லை.

அப்புறம், மருந்து. ட்ரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி எஃபெக்டர்களைத் தொடுவதில்லை; பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைச் செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் ரகம் தோற்ற வயலிலும் அது வேலை செய்யும், ஆனால் முதல் கொப்புளங்கள் தெரியும்போதே அடித்தால்தான். பழுத்துப்போன இலையை அது பச்சையாக்காது.

சந்தேகம் இருந்தால் இலையைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். ஒரு வேண்டுகோள்: கையில் ஆட்டிக்கொண்டு வராமல் உறையில் போட்டு வாயை மூடிக் கொண்டுவாருங்கள். அந்த ஆரஞ்சுப் பொடி முழுக்கப் பூஞ்சை வித்துதான். விதை வாங்க வந்து நிற்கும் அடுத்தவர் சட்டையில் ஏறிக்கொண்டு அவர் வயலுக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடையினர்