தூதர் வீட்டு வாசலில் மைக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். தக்காளி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வரும் முதல் நோயாளிக்கு முன்னாலேயே உங்கள் நாளிதழ் வந்துவிடும். முதலில் மாவட்டச் செய்தி, அப்புறம் உலகச் செய்தி என்று படிப்பேன். அந்த உலகச் செய்தியில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘வெளிநாட்டுத் தூதருக்கு அந்நாட்டு ஊடகங்கள் கண்டனம்.’ ஒரு தடவை ரஷ்யா, ஒரு தடவை சீனா என்று நாடு மட்டும் மாறும். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர், அங்கேயும் இங்கே போல நாலு பத்திரிகை, நாலு கட்சி, நாலு கருத்து இருக்கும், அத்தனை பேரும் சேர்ந்து திட்டுகிறார்கள் என்றால் அந்தத் தூதர்தான் ஏதோ தப்புச் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

2010-இல் மருத்துவம் படிக்க ரஷ்யாவின் ட்வெர் நகரத்துக்குப் போனேன். வோல்கா ஆற்றங்கரை ஊர். மாஸ்கோவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ஹாஸ்டல் வாசலில் ஒரு பாட்டி காவலுக்கு இருப்பார். அவருடைய அறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சின்ன டிவி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் போனால் கட்டன் டீயும், அதில் தொட்டுக்கொள்ள செர்ரி ஜாமும் தருவார். நான் வகுப்பில் படித்த ரஷ்ய மொழியைவிட அந்த டிவி முன்னால் உட்கார்ந்து பாட்டியிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான் அதிகம்.

2012 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய தூதராக மைக்கேல் மெக்ஃபால் மாஸ்கோ வந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். ரஷ்யாவோடு உறவைச் சீராக்க வேண்டும் என்று ஒபாமாவுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். நேரம் மோசமான நேரம். முந்தைய டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மோசடி என்று மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். மார்ச்சில் அதிபர் தேர்தல், புதின் மறுபடி நிற்கிறார். மெக்ஃபால் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே எதிர்க்கட்சிக்காரர்களும் மனித உரிமைக்காரர்களும் தூதரகத்துக்கு வந்து அவரையும், அங்கே வந்திருந்த ஒரு அமெரிக்க உயர் அதிகாரியையும் சந்தித்தார்கள். தூதர்கள் எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான் இது. ஆனால் முதல் சேனல், அதாவது அரசின் சேனல், அவர் ரஷ்யாவை அறிந்தவரே அல்ல, ஜனநாயகத்தைப் பரப்புவதில்தான் நிபுணர் என்று ஒரு விமர்சன நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதாவது புரட்சி செய்ய வந்திருக்கிறார் என்று அர்த்தம். தூதரகத்திலிருந்து வெளியே வந்தவர்களைக் கேமராவோடு மடக்கி, ‘இங்கே எதற்கு வந்தீர்கள்?’ என்று கேட்டு எடுத்த படம், உத்தரவு வாங்க வந்தவர்கள் என்ற தலைப்போடு இணையத்தில் சுற்றியது.

மார்ச் கடைசியில் நடந்தது இன்னும் மோசம். மனித உரிமைப் பணியாளர் லெவ் பொனமார்யோவைப் பார்க்க மெக்ஃபால் போகிறார். அவர் போவதற்கு முன்பே என்.டி.வி. என்ற ரஷ்யச் சேனலின் ஆட்கள் வாசலில் மைக்கோடு நிற்கிறார்கள். இப்படி அவர் போகிற இடமெல்லாம் நின்றார்கள். ‘நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று கோபமாகக் கேட்டவர், வாய் தவறி ‘தீக்கயா ஸ்த்ரனா’ என்று சொல்லிவிட்டார். ‘காட்டுமிராண்டி நாடு’ என்று பொருள். மற்றதெல்லாம் போய், அந்த இரண்டு வார்த்தைதான் நின்றது. என் ரஷ்ய மொழி சரியில்லை, அந்தச் சேனலின் நடத்தையைத்தான் அப்படிச் சொல்ல நினைத்தேன் என்று அவர் அப்புறம் ட்விட்டரில் எழுதினார். ரஷ்ய மொழியில் தடுமாறிப் பேசியவள் நான். கோபத்தில் அந்த மொழியில் வாயைத் திறந்தால் நினைத்தது ஒன்றும் வருவது ஒன்றுமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாட்டி டிவியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, ‘பார்த்தாயா, நம்மை என்ன சொல்கிறான் பார்’ என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதை வரவைத்தவர்கள் மேல்தான் எனக்கு இன்றுவரை கோபம்.

எனக்கும் ஒரு மைக் அனுபவம் உண்டு. ஊருக்கு வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வை எழுதித் தேறி, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து கிளினிக் ஆரம்பித்த பிறகு நடந்தது. மாவட்டத்தில் போலி டாக்டர்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு லோக்கல் சேனல்காரர் டோக்கன் போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே நுழைந்தார். ‘ரஷ்யா சர்டிபிகேட் இங்கே செல்லுமா?’ என்றார். சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் கழற்றிக் கையில் கொடுத்தேன், படம் எடுத்தார். அடுத்து, ‘உங்க கையில எத்தனை பேர் செத்திருக்காங்க?’ என்றார். நான், ‘வாயை மூடிட்டு வெளிய போங்க’ என்றேன். அன்று ராத்திரி ஒளிபரப்பானது அந்த ஒரு வரி மட்டும்தான். சான்றிதழைக் காணோம்.

சரி, எனக்கு வழி இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். மருத்துவர் சங்கத்தில் பேசினேன். வேறொரு பத்திரிகையின் நிருபர் வந்து சான்றிதழைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதினார். ஒரு சேனல் பொய் சொன்னால் இன்னொரு பத்திரிகை உண்மை சொல்லும் என்ற நிலை இங்கே இன்னும் இருக்கிறது. ரஷ்யாவில் அந்த இன்னொருவரின் குரல் பாட்டியின் டிவி வரைக்கும் வராது. என்.டி.வி. 1993-இல் தனியார் சேனலாகத் தொடங்கியது. ஆட்சியாளர்களைத் துணிந்து விமர்சித்த சேனல். 2001-இல் அதை காஸ்ப்ரோம் எடுத்துக்கொண்டது. காஸ்ப்ரோம் அரசின் பிடியில் உள்ள எரிவாயு நிறுவனம். அப்புறம் அந்தச் சேனல் யாரை வாசலில் மடக்கும், யாரை மடக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. தூதருக்குப் பெரிதாக என்ன ஆகிவிடப் போகிறது? பதவிக்காலம் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார். அடி விழுவது உள்ளூர்க்காரன் மேல். என் வகுப்பில் ஒரு ரஷ்யப் பெண் இருந்தாள். ஆங்கிலம் பேசிப் பழக, அமெரிக்கத் தூதரகத்தார் மாஸ்கோவில் நடத்திய கூட்டங்களுக்கு அவ்வப்போது ரயிலேறிப் போவாள். அரசியலே பேசாதவள். அந்த வீடியோக்கள் வந்த வாரம் அவளுடைய அம்மா போன் செய்தார். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. ‘உன் முகம் டிவியில் வந்தால் என் வேலை என்ன ஆகும்?’ என்று கேட்டாராம். அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். சட்டம் தடுக்கவில்லை, போலீஸ் வரவில்லை, ஒரு கேமரா போதுமாக இருந்தது. சட்டமும் பின்னாலேயே வந்தது. அந்த ஜூலையில், வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியலில் ஈடுபடும் அமைப்புகள் தங்களை ‘வெளிநாட்டு ஏஜென்ட்’ என்று பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம். செப்டம்பரில் அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை மூடிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

மெக்ஃபால் முதல் ஆளும் இல்லை. 2006-இல் பிரிட்டிஷ் தூதர் டோனி பிரெண்டன் எதிர்க்கட்சிகளின் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டார் என்பதற்காக, கிரெம்ளின் ஆதரவு இளைஞர் அமைப்பான ‘நாஷி’ அவரைப் பல மாதம் பின்தொடர்ந்து கூச்சல் போட்டது. 2007-இல் எஸ்டோனியா தன் தலைநகரிலிருந்த சோவியத் வீரர் சிலையை இடம் மாற்றியபோது, மாஸ்கோவில் எஸ்டோனியத் தூதர் மரீனா கல்யுராண்ட் பத்திரிகையாளர்களைச் சந்திக்கப் போன இடத்தில் அதே ஆட்கள் புகுந்தார்கள்.

சீனாவில் கதை வேறு மாதிரி. 2011-இல் அமெரிக்கத் தூதராகப் போன கேரி லாக், சீனாவிலிருந்து குடியேறியவரின் பேரன். விமான நிலையத்தில் முதுகுப் பையோடு வரிசையில் நின்று தானே காபி வாங்கிய படம் சீன இணையத்தில் பரவியது. நம்ம ஊர் அதிகாரி இப்படி நிற்பாரா என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மறு வருடம் பார்வையற்ற வழக்குரைஞர் சென் குவாங்செங் வீட்டுக் காவலிலிருந்து தப்பி அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்ததும், கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகையான ‘பெய்ஜிங் டெய்லி’ லாக்கைத் தாக்கி எழுதியது. அவருடைய சொத்துக் கணக்கைக் காட்டச் சொல்லியும் கேட்டது. அவர் கணக்கு அமெரிக்கச் சட்டப்படி ஏற்கெனவே வெளியிடப்பட்டிருந்தது. ‘நம் தலைவர்களின் கணக்கு எங்கே?’ என்று சீன மக்கள் திருப்பிக் கேட்டார்கள். இங்கேயும் பார்த்தால், பிரச்சினை தூதர் வாங்கிய காபி இல்லை. சொந்த மக்கள் கேட்ட கேள்விதான்.

தூதர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் வாதாட வரவில்லை. 2006-இல் பிரிட்டிஷ்காரர்கள் மாஸ்கோ பூங்காவில் போலிக் கல்லுக்குள் கருவி வைத்து உளவு பார்த்தார்கள் என்று ரஷ்ய டிவி காட்டியது. பலர் சிரித்தார்கள். 2012-இல், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரிடம் தலைமை அலுவலராக இருந்த ஜோனதன் பவல், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று 1961 வியன்னா ஒப்பந்தமே தூதர்களுக்கு விதி வைத்திருக்கிறது. மீறினால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது. 9-ஆம் பிரிவின்படி எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு தூதரை வேண்டாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். அனுப்பாமல் வைத்துக்கொண்டு டிவியை ஏவுவது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. 29-ஆம் பிரிவு, தூதரின் உடலுக்கும் சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் தாக்குதல் வராமல் காக்க வேண்டிய பொறுப்பு அந்நாட்டு அரசுடையது என்கிறது.

நம்மவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1967 ஜூனில் பெய்ஜிங்கில் கே. ரகுநாத், பி. விஜய் என்ற இரண்டு இந்தியத் தூதரக அதிகாரிகளை உளவாளிகள் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி அவர்கள் இல்லாமலேயே விசாரணை நடத்தினார்கள். நாடு கடத்தும்போது விமான நிலையத்தில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் அடித்தார்கள். அதற்குப் பதிலடி என்று டெல்லியில் ஒரு கும்பல் சீனத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்தது. அதுவும் தப்புத்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் அதியமான் ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். ‘இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்று ஔவை அவன் வீட்டிலேயே நின்று சொன்னார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்காத பிள்ளை கிடையாது. தொண்டைமான் கேட்டுக்கொண்டான். ஔவை நல்லபடியாகத் தகடூர் திரும்பினார்.

உங்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். இப்படிச் செய்தி வரும்போது ‘அந்நாட்டு ஊடகங்கள்’ என்று பொதுவாகப் போடாதீர்கள். ‘ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி’, ‘சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ்’ என்று சொந்தக்காரர் பெயரோடு தலைப்பிலேயே போடுங்கள். தலைப்பில் இடமில்லை என்றால் முதல் வரியில் போடுங்கள். அந்தத் தூதரைச் சந்தித்ததற்காக உள்ளூரில் யார் சிக்கலில் மாட்டினார்கள் என்று செய்தி நிறுவனம் அனுப்பியிருந்தால், இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.